நாரைகளுக்காக நீ நின்ற மரத்தடி

போன கிழமை எங்கள் தெருவில் மரம் வெட்டினார்கள். பூச்சி பிடித்த மரங்களாம், விட்டுவைத்தால் கூரைகளில் முறிந்து விழுமாம். நகரசபை ஆட்கள் செம்மஞ்சள் சட்டைகளோடு வந்து கிளைகளைத் தறித்து ஒரு பெரிய மெஷினின் வாய்க்குள் தள்ள, மறுபக்கத்தால் அது தூளாகி லொறிக்குள் கொட்டியது. நியாயமான காரணம், ஒழுங்கான வேலை, யாரையும் குறைசொல்ல இடமில்லை. ஆனால் ஈரமரத்தை அரிந்தவுடன் எழும்புகிற அந்தப் பச்சை மணம் யன்னல் இடுக்கால் குசினிக்குள் வந்தபோது நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். மேலே இருந்து இறங்கிவந்த மகன், "என்னம்மா, பிரஷர் கூடிட்டுதோ?" என்று கேட்டான். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது? அது நடந்தபோது அவனுக்கு இரண்டு வயதுதான்.

அந்த மணம் என்னவென்று சொல்லாமலே விளங்கக்கூடிய ஒரே ஆள் நீ. நீ போய் இரண்டு வருஷமாகிறது. பரவாயில்லை, உனக்கே எழுதுகிறேன்.

நாங்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாடகைக்கு இருந்த அந்த வரிசை வீடுகளை நினைத்துப் பார்க்கிறேன். இந்தப் பனிநாட்டில், ஸ்காபரோ நகரின் வடகிழக்கு மூலை. பஸ் அதுவரைக்கும் வந்து திரும்பிப் போகும். பின்வேலிக்கு அப்பால் ஒரு பெரிய சோளக் காணி. அந்தக் காணியின் தூர மூலையில், தண்ணீர் தேங்கி நிற்கும் ஒரு சிறு காடு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் கொக்குவிலில் இருந்து கொழும்பு வழியாக வந்து மனிசனோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தேன். நீ மன்னாரில் இருந்து தனியாக வந்திருந்தாய். கடலுக்குப் போன உன் கணவர் திரும்பி வரவில்லை. மகள் அனிற்றா மடுவில், அகதி முகாமில், உன் அக்காவோடு இருந்தாள். உன் அகதிக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் நிரந்தரமாக இருப்பதற்கான பத்திரம் கைக்கு வரவில்லை. அது வந்தால்தான் பிள்ளையைக் கூப்பிடலாம். "பேப்பர் வரட்டும்" என்பதுதான் அந்த நாட்களில் உன் வாயில் அதிகம் வந்த சொல். பேப்பர் வரட்டும், பிறகு நல்ல சப்பாத்து வாங்குவம். பேப்பர் வரட்டும், பிறகு டொக்டரிட்டைப் போய் வருத்தம் பார்ப்பம்.

இருவருக்கும் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு பிளாஸ்ரிக் கொம்பனியில் பின்னேர வேலை. ஆகவே காலைகள் எங்களுடையவையாக இருந்தன. அப்படி ஒரு காலையில்தான், மார்ச் முடிகிற நேரம், நீ கையில் அகப்பையோடு என் கதவைத் தட்டினாய்.

"பவானி, ஓடி வா! உங்க பார், உது என்னெண்டு சொல்லு!"

உன் குசினி யன்னலுக்கு வெளியே, இன்னும் பனி கரையாத காணிக்கு மேலே, ஒரு பெரிய பறவை கழுத்தை மடக்கி, கால்களைப் பின்னால் நீட்டி, அவசரமே இல்லாமல் சிறகடித்துப் போனது.

"கொக்கு" என்றேன்.

"கொக்குவில் ஆக்களுக்கு எல்லாம் கொக்குத்தான். இது நாரை. எங்கட கரையில நிக்கிற சாம்பல் நாரையின்ரை இனம். ஆனால் இது அதைவிடப் பெரிசு, நீலம் ஓடியிருக்கு." யன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தாய். "உது வாயில தடி கொண்டு போகுது. கூடு கட்டுது பவானி."

கறி அடிப்பிடித்தது. நீ கவனிக்கவில்லை.

வரிசையின் கடைசி வீட்டில் பெவர்லி இருந்தாள். ஓய்வுபெற்ற தாதி, வெள்ளைக்காரி, பின்படியில் இருந்து எந்நேரமும் சிகரெட் புகைப்பவள். அவளிடம் ஒரு தொலைநோக்கி இருந்தது. அதை வாங்கிப் பார்த்தபோதுதான் காட்டு மரங்களின் உச்சியில் கூடுகள் தெரிந்தன. பெரிய பெரிய சுளகுகளைக் கொப்புகளில் வைத்ததுபோல, ஒரே மரத்தில் மூன்று நான்கு. இந்த வரிசை வீடுகள் கட்டுவதற்கு முன்பிருந்தே அவை ஒவ்வொரு வசந்தத்திலும் வருகின்றன என்று பெவர்லி சொன்னாள். இலையுதிர் காலத்தில் தெற்கே போய்விடும், பனி இளகத் தொடங்கியதும் அதே மரங்களுக்குத் திரும்பிவரும்.

அந்த வருஷம் நீ அந்த யன்னலிலேயே வாழ்ந்தாய் என்று சொன்னால் மிகையில்லை. ஆண் நாரை தடியைக் கொண்டுவந்து கொடுக்க, பெண் அதை வாங்கிச் செருகுவதைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு நடித்துக் காட்டினாய். குஞ்சுகள் வாய் பிளந்து கத்துகிற காலத்தில், கசெட் ரெக்கோடரை யன்னலுக்கு வெளியே பிடித்து அந்தச் சத்தத்தைப் பதிந்து மடுவுக்கு அனுப்பினாய். பாதிக்கு மேல் லொறிச் சத்தம்தான் பதிந்திருந்தது. மகள் பதிலுக்கு அனுப்பிய கசெட்டில், "அம்மா, அது என்ன, தவளையோ?" என்று கேட்டிருந்தாள். நீ சிரித்துச் சிரித்து, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அடுத்த கசெட்டில் சொன்னாய்: "தவளை இல்லை குஞ்சு, நாரை. நீ வந்தோடனை குசினிக்குள்ள வைச்சே காட்டுவன்."

அடுத்த வருஷம் காணியின் ஓரத்தில் ஒரு பெரிய பலகை நட்டார்கள். நானும் நீயும் அதை இரண்டு மூன்று முறை வாசித்தும் முழுதாக விளங்கவில்லை. பெவர்லிதான் விளக்கினாள். காணியை ஒரு கட்டடக் கொம்பனி வாங்கிவிட்டது. வீடுகள் வரப்போகின்றன. காடும் சேர்த்தி. மக்கள் கருத்துச் சொல்வதற்கு ஒரு கூட்டம் நடக்கும்.

"காடும் எண்டால், அந்த மூலையுமோ?" என்று நீ கேட்டாய். ஓம் என்றாள். அடுத்த நாள் காலை பெவர்லியின் படியில் போய் இருந்து, என்ன செய்யலாம் என்று கேட்டாய். அவள் ஒரு மனு எழுதி, அயலில் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி எங்களிடம் தந்தாள்.

இதை இப்போது நான் எழுதக் காரணம் இருக்கிறது. உன்னை இன்று பலர் ஒரு மரக்கிறுக்கியாகவும் வீடு கட்டுவதற்கு எதிரியாகவும் நினைவு வைத்திருக்கிறார்கள். நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். சோளக் காணி முழுக்கக் கட்டட்டும். அந்த மூலையை மட்டும் விடட்டும். கையெழுத்து வாங்கப் போன ஒவ்வொரு வாசலிலும் அதைத்தான் சொன்னாய், உன்னோடு கூடவே நின்ற எனக்குத் தெரியும். வெள்ளைக்காரரும் சீனரும் கதவைத் திறந்து கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள், அல்லது மறுத்தார்கள். எங்கள் ஆட்கள்தான் உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி தந்து, எங்களைக் குற்றவாளிகள் ஆக்கினார்கள்.

மளிகைக்கடை அண்ணையை மறந்திருக்கமாட்டாய். காசு மேசைக்குப் பின்னால் நின்றபடி, கடைக்குள் நின்ற எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "தங்கச்சி, ஊரில வீடு எரிஞ்ச சனம் இஞ்ச ஒரு வீட்டை வாங்கிக் குந்துவம் எண்டு நிக்குது. நீங்கள் ரெண்டு பேரும் குருவிக்கு வக்காலத்து வாங்குறியள். வெக்கமா இல்லையோ?"

"வீடு வேண்டாம் எண்டு ஆர் சொன்னது அண்ணை? மூலையைத்தான் விடச் சொல்லுறம்."

"எங்கட சனம் சாகேக்கை இந்த மனு எழுதின வெள்ளைக்காரி கையெழுத்து வாங்கினவளோ?"

"என்ரை மனுசன் சாகேக்கை நீங்களும் வாங்கேல்லை அண்ணை" என்று சொல்லிவிட்டுப் பருப்புப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாய்.

சிவா அண்ணை அப்படி ஏசவில்லை. அவர் ஏசமாட்டார். வீடு விற்கிற முகவர், பஸ் தரிப்பிட வாங்குகளின் விளம்பரங்களில் எல்லாம் அவருடைய சிரித்த முகம் இருக்கும். எங்களுக்கு அந்த வாடகை வீடுகளைப் பிடித்துத் தந்ததும் அவர்தான். என் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் வந்து மொழிபெயர்த்தவரும் அவர்தான். "பிள்ளையள், உங்கட மனசு நல்ல மனசு. ஆனால் உது நடக்கிற காரியம் இல்லை" என்று தலையைத் தடவாத குறையாகச் சொல்லி அனுப்பினார். புதிய வீடுகளைத் தமிழர்களுக்கு விற்கும் பொறுப்பைக் கொம்பனி அவருக்குக் கொடுத்திருந்தது எங்களுக்கு அப்போது தெரியாது.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பெவர்லி உனக்காக ஒரு பேச்சு எழுதி வைத்திருந்தாள். நல்ல எண்ணத்தில்தான் எழுதினாள். நான் போரில் வீட்டை இழந்தவள், நான் அகதி, இந்தப் பறவைகளும் நாளை அகதிகள் என்று போனது அது. நீ அதை மெதுவாக வாசித்து முடித்துவிட்டு மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாய். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாய்: "நான் அகதி எண்டு சொல்லுறதுக்கு இமிக்ரேஷனில இடம் இருக்கு. அங்க சொல்லிப்போட்டன். இது மரத்துக்கான கூட்டம்."

உன் முறை வந்தபோது மைக்கின் முன்னால் போய் நின்று, உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கூடுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன, பறவைகள் எப்போது வருகின்றன, எப்போது போகின்றன, அவற்றுக்கு ஏன் பக்கத்தில் தண்ணீர் தேவை என்று சொன்னாய். கொம்பனியின் வரைபடத்தில் அந்த மூலை, வெட்டவேண்டிய வெறும் பச்சைச் சதுரமாக இருந்தது. கூட்டத்துக்கு வந்திருந்த எங்கள் பகுதி நகரசபை உறுப்பினரை நேரே பார்த்து, "நீங்கள் அதைக் கண்டிருக்கிறீர்களா? என் குசினிக்கு வாருங்கள். தேநீர் தருகிறேன், அங்கிருந்தே காட்டுகிறேன்" என்றாய். மண்டபம் சிரித்தது. சிரிப்பு நல்ல சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டு, வருவதாக எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

வந்தார். அதுதான் என்னால் இன்றுவரை பொறுக்கமுடியாத பகுதி. வராமல் விட்டிருந்தால் நாங்கள் யாரையும் நம்பியிருக்கமாட்டோம். பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நீ முதல்நாளே தேநீரோடு கடிக்கப் பற்றிஸ் பொரித்து வைத்திருந்தாய். யன்னலில் நின்று பெவர்லியின் தொலைநோக்கியால் பார்த்துவிட்டு, "அற்புதம்" என்றார். பற்றிஸையும் அற்புதம் என்றார். நகரசபை அந்தக் காட்டை ஆய்வு செய்து முடிக்கும்வரை ஒரு மரத்தையும் தொட விடமாட்டேன் என்று உன் கையைப் பிடித்துச் சொன்னார். அந்தப் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. நீ கண்ணை மூடியிருந்தாய், அவர் பல் தெரியச் சிரித்தார். பெவர்லி அதை வெட்டி உன் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். அந்தக் கோடை முழுவதும் நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். குஞ்சுகள் பறக்கப் பழகி, கொப்பில் தடுமாறி இறங்குவதைப் பார்த்துக் கைதட்டினோம். புரட்டாதி கழியப் பறவைகள் போய்விட்டன. "வருவினம்" என்று யன்னலைச் சாத்தினாய்.

பெப்ரவரியில், ஒரு வேலைநாள் காலை, வாள்களின் சத்தம் கேட்டது.

நான் பிள்ளைக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டிருந்தேன். பின்கதவால் பார்த்தபோது நீ ஏற்கெனவே காணியின் நடுவில் போய்க்கொண்டிருந்தாய். வீட்டுச் செருப்பு, சட்டைக்கு மேல் ஒரு ஜக்கெற், தலையில் ஒன்றுமில்லை. முழங்கால் புதையும் பனி. நான் பிள்ளையை மனிசனின் கையில் கொடுத்துவிட்டு உன் பின்னால் ஓடினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதி மரங்களுக்கு மேல் விழுந்துவிட்டன. கூடுகள் பனியில் சிதறிக் கிடந்தன. எத்தனை வருஷமாக ஒவ்வொரு தடியாகக் கொண்டுவந்து செருகியவை, தீப்பெட்டியைக் கொட்டியதுபோலக் கிடந்தன. அந்த மணம் அங்கே நிறைந்திருந்தது. போன கிழமை என் குசினிக்குள் வந்த அதே மணம்.

மேற்பார்வை செய்த ஆள் மரியாதையாகத்தான் பேசினான். ஆய்வு முடிந்துவிட்டது, அனுமதி இருக்கிறது என்றான். "பாருங்கள் அம்மா, ஒரு கூட்டிலும் பறவை இல்லை." பறவைகள் தெற்கே இருக்கிற மாதமாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

நீ வாதாடவில்லை. மிஞ்சி நின்றவற்றில் பெரிய மரத்தடிக்குப் போனாய், மேலே நான்கு கூடுகள் இருந்த மரம். முதுகை அதில் சாய்த்து நின்றுகொண்டாய். நான் போய் உனக்குப் பக்கத்தில் நின்றேன். வாள்களை நிறுத்தினார்கள். வேலையாட்கள் லொறிக்குள் போயிருந்து கோப்பி குடித்தார்கள். பெவர்லி கைத்தடியோடு காணியைக் கடக்கமுடியாமல் வேலியில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் நகரசபை உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் எடுத்ததாகப் பிறகு சொன்னாள். அவர் கூட்டத்தில் இருக்கிறாராம்.

பொலிஸ் வந்தது. இளம் பொடியன், எங்களைப் பார்க்கவே அவனுக்குச் சங்கடமாக இருந்தது. விலகாவிட்டால் கைது செய்யவேண்டி வரும் என்றான். நீ விலகவில்லை. "செய்யட்டும்" என்று என்னிடம் சொன்னாய். உன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது. நீ பயப்படவில்லை. அதை நான் கண்ணால் கண்டேன்.

அப்போதுதான் சிவா அண்ணை வந்தார். கொம்பனிக்காரர்தான் கூப்பிட்டிருக்கவேண்டும். நீளக் கறுப்புக் கோட்டும் நல்ல பூட்ஸும் போட்டுக்கொண்டு, பனியில் கவனமாகக் கால் வைத்து வந்தார். பொலிஸ்காரனிடம் ஒரு நிமிஷம் தாருங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, உனக்குக் கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், அவ்வளவு அன்பாகப் பேசினார்.

"தங்கச்சி, உங்கட பேப்பர் இன்னும் கைக்கு வரேல்லை எல்லோ?"

நீ முதுகை மரத்தோடு இன்னும் அழுத்தினாய்.

"இப்ப பொலிஸில பேர் பதிஞ்சால் ஃபைலில ஏறும். பிறகு அது எத்தினை வருஷம் இழுபடுமோ, ஆருக்குத் தெரியும். மறுத்தாலும் மறுப்பினம். பிள்ளை அங்க முகாமில கிடக்கு. நான் உங்கட அண்ணன் மாதிரிச் சொல்லுறன். அந்தப் பிள்ளையை நினைச்சுக்கொண்டு விலகுங்கோ."

"அண்ணை, நீங்கள் இதுக்குத்தான் வந்தனீங்களோ?" என்று நான் கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் இரக்கம் இருந்தது. அது பொய் இரக்கம் என்றுகூட என்னால் சொல்லமுடியவில்லை.

நீ மரத்தைவிட்டு முதுகை எடுத்தாய். ஒரு கை மட்டும் கொஞ்ச நேரம் பட்டையில் இருந்தது. பிறகு அதையும் எடுத்தாய். நாங்கள் வேலிக்குத் திரும்பி வருகிறபோது பின்னால் வாள் தொடங்கியது. மரம் விழுந்த சத்தத்துக்கு நீ திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நான்கு கூடுகளும் மரத்துக்கு முன்பே தரைக்கு வந்துவிட்டன.

பின்னேரம் இருவரும் வேலைக்குப் போனோம். வேறு என்ன செய்வது?

மார்ச் முடிய அவை வந்தன. நீ யன்னல் திரையை மூடித்தான் வைத்திருந்தாய், ஆனால் சத்தம் கேட்டுவிட்டது. இருவரும் பின்படியில் நின்றோம். பத்துப் பதினைந்து நாரைகள் அந்த மூலைக்கு மேலே சுற்றின. இறங்குவதுபோல வரும், கால்களை நீட்டும், கால் வைக்க ஒன்றும் இல்லாமல் திரும்ப எழும்பும். கீழே சேறும் புல்டோசர் தடமும்தான். ஒன்று வாயில் தடியோடு வந்தது. சுற்றியது, சுற்றியது, தடியை விடவே இல்லை. கடைசியில் குவித்து வைத்த மண்மேட்டில் இறங்கி, அந்தத் தடியோடு அப்படியே நின்றது. பெவர்லி தன் படியில் இருந்து சத்தமாக அழுதாள். நீ அழவில்லை. "இடம் பிழைச்சுப்போச்செண்டு நினைக்குது, பாவம்" என்றாய். "தான் பிழையான இடத்துக்கு வந்திட்டன் எண்டு நினைக்குது." சில நாட்களில் அவை இல்லாமல் போயின. எங்கே போயின என்று நகரசபைக்குத் தெரியாது. கொம்பனிக்கும் தெரியாது. ஒருவரும் கேட்கவில்லை.

நகரசபை உறுப்பினர் வருந்துவதாகச் சொல்லியனுப்பினார். அடுத்த தேர்தலிலும் வென்றார், எங்கள் ஆட்களின் வாக்குகளோடுதான். ஒரு கலைவிழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் சிவா அண்ணை. வீடுகள் எழும்பின. தமிழ்ப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் வந்தது, இயற்கையின் மடியில் உங்கள் கனவு இல்லம் என்று. தெருவொன்றுக்கு நாரையின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பெயர்ப்பலகையை முதன்முதலாகக் கண்ட அன்று நீ காறித் துப்பினாய். உன்னை அப்படி நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை.

மூலையில், காடு இருந்த இடத்தில், மளிகைக்கடை அண்ணை ஒரு வீடு வாங்கினார். இரண்டாவது வசந்தத்தில் அவருடைய பேஸ்மென்றுக்குள் தண்ணீர் வந்தது. அந்த நிரையில் எல்லா வீடுகளுக்கும் வந்தது. தண்ணீருக்குத் தன் இடம் தெரிந்திருந்தது. கொம்பனி கையை விரித்தது. சிவா அண்ணை யூனியன்வில்லில், மேட்டுநிலத்தில் பெரிய வீடு வாங்கிப் போய்விட்டார். மளிகைக்கடை அண்ணையின் வீட்டில் தண்ணீர் என்று கேள்விப்பட்டதும் நான் மகிழ்ந்தேன், மறைக்கவில்லை. நீ வாளியையும் மொப்பையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டாய். உன்னைத் திட்டிக்கொண்டே நானும் வந்தேன். அந்த மனிதர் முழங்காலளவு தண்ணீரில், ஊறிக் கிடந்த அரிசிப் பைகளுக்கு நடுவில் நின்று, உன் முகத்தைப் பார்க்கமுடியாமல் சொன்னார்: "தங்கச்சி, நீங்கள் அப்பவே சொன்னனீங்கள்."

"நான் தண்ணியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை அண்ணை" என்றாய், குனிந்து வாளியை நிரப்பியபடி. "நாரையைப் பற்றித்தான் சொன்னனான்."

அவருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. உனக்கு அவர்கள் தோற்கவேண்டியிருக்கவில்லை. அந்த மூலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பேப்பர் வந்தது. பிறகும் நீண்டநாள் இழுபட்டு, அனிற்றாவும் வந்தாள். விமான நிலையத்தில் உன்னைவிட உயரமாக நின்றாள். வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றியதும் முதலில் கேட்டது, "அம்மா, அந்தக் குசினி யன்னல் எது?" நீ அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். வெளியே கராஜ் கூரைகள், ஒன்றன்பின் ஒன்றாக. "எங்கை அம்மா?" என்றாள். "அங்கதான் இருந்தது" என்று கூரைகளைக் காட்டினாய். பிள்ளை சிரித்தாள், நீ பகிடி விடுகிறாய் என்று நினைத்து.

அவள் குளிக்கப் போன நேரம் நீ என் கையைப் பிடித்தாய். "பவானி, மரம் வெட்டினவங்கள் எண்டுதான் இவளுக்குச் சொல்லுவன். நான் நிண்டதும், பிறகு விலகினதும், ஏன் விலகினனான் எண்டதும் ஒருக்காலும் இவளுக்குத் தெரியக்கூடாது. தன்னாலதான் எண்டு நினைப்பாள். முகாமில கிடந்து வந்த பிள்ளை. அதுக்கு மேல உதையும் சுமக்க ஏலாது." சத்தியம் பண்ணச் சொன்னாய். பண்ணினேன்.

பிறகு நீயும் மகளும் ஒஷாவா நகருக்குப் போனீர்கள். நீ முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தாய். பெவர்லி இறந்தாள். வருஷங்கள் போயின, நோய் வந்தது, நீயும் போனாய்.

உன் இறுதிச் சடங்கைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். பூசை முடிந்து பேசச் சொன்னபோது எழும்பியவர் சிவா அண்ணை. தலை முழுக்க வெளுத்துவிட்டது. இன்னும் நல்ல கோட்டுத்தான். அவரைக் கூப்பிட்டது யாரென்று தெரியவில்லை. எங்கள் ஆட்களின் செத்தவீட்டில் அவர் பேசாமல் இருந்தால்தான் புதினம். உன்னைக் கிறுக்கி என்று சொன்ன வாய்கள் பல அந்த மண்டபத்தில் இருந்தன. அவற்றுக்கு முன்னால் நின்று, நீ இயற்கையை உயிராய் நேசித்தவள் என்று தொடங்கினார். "ஒருநாள் ஒரு மரத்தை வெட்ட விடமாட்டன் எண்டு பனிக்குள்ள நிண்டவா. பொலிசும் வந்திட்டுது. நான்தான் போய்ப் பொறுமையாய் எடுத்துச் சொன்னன். சொன்னோடனை விளங்கிக்கொண்டு விலகினவா. அப்பிடி ஒரு பக்குவம் அவவுக்கு." சனம் தலையாட்டியது.

என் கால்கள் எழும்பத் துடித்தன. என்ன எடுத்துச் சொன்னீர்கள் என்று கேட்க ஒரே ஒரு கேள்வி போதும். அந்த மண்டபத்தில் உண்மை தெரிந்த ஆட்கள் இரண்டே பேர், அவரும் நானும். ஆனால் எனக்குப் பக்கத்தில், என் கையைப் பிடித்தபடி, அனிற்றா இருந்தாள். நான் வாயைத் திறந்தால் அது அவளில்தான் போய் விழும். அது அவருக்குத் தெரிந்துதான் பேசினாரா, அல்லது தான் செய்ததை அவரே மறந்து, நல்ல காரியமாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறாரா, தெரியாது. நான் எழும்பவில்லை. பேசி முடித்து இறங்கி வந்து என் தோளைத் தட்டி, "எப்பிடித் தங்கச்சி, சுகமோ?" என்றும் கேட்டார்.

சேமக்காலையில் உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது அனிற்றாதான் கார் ஓட்டினாள். நெடுஞ்சாலையில் ஏறினோம். பிறகு கேட்டாள்.

"அன்ரி, அந்த அங்கிள் சொன்னது உண்மையோ? அம்மா மரத்துக்கு முன்னால நிண்டவவோ?"

"ஓம் பிள்ளை."

"எனக்குச் சொல்லவே இல்லையே." கொஞ்ச தூரம் போனாள். "பிறகு ஏன் விலகினவ? அம்மா ஆர் சொல்லியும் விலகுற ஆள் இல்லை. எனக்குத் தெரியும்."

உனக்குப் பண்ணிய சத்தியம் நினைவுக்கு வந்தது.

"குளிர், பிள்ளை. பெப்ரவரி. வீட்டுச் செருப்போட நிண்டவ. கால் விறைச்சுப்போச்சு."

"குளிர் மட்டுமோ?"

"ஓம். வேற ஒண்டும் இல்லை."

அவள் தலையாட்டினாள். முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வந்துபோனதை நான் கண்டேன். தன் தாய் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் என்று நினைத்திருப்பாள்.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். பொலிசுக்குப் பயப்படாத உன்னை, குளிருக்குப் பயந்து விலகியவளாக உன் பிள்ளையின் மனதில் வைத்துவிட்டேன். அவள் என்னோடு கதைக்கும்போதெல்லாம் உண்மையைச் சொல்ல வாயெடுத்துவிட்டு, பேச்சை மாற்றிவிடுகிறேன். இனி இது நான் போகும்வரை என்னோடுதான்.